ஃபாதர் வராத ஞாயிறும் ஞாயிறுதான்

கேள்வி: நான் யாழ்ப்பாணம். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். முதல் நியமனம் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் கிடைத்திருக்கிறது. தங்கியிருக்கும் ஊரில் சின்னதாக ஓர் அங்கிலிக்கன் கோயில் உண்டு. முதல் ஞாயிறு போனபோது எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்றே பிடிபடவில்லை. திருவிருந்துக்குப் போகலாமா என்று தெரியாமல் வாங்கிலேயே இருந்துவிட்டேன். வெளியே வந்ததும் ஞாயிறு பாடசாலையையும் பாட்டுக் குழுவையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கிழமை போனால் ஃபாதரே வரவில்லை, ஓர் ஐயா ஆராதனை நடத்தினார். நான் இந்தச் சபையில் சேரவேண்டுமா? சந்தா கட்டவேண்டுமா? எவ்வளவு ஈடுபடலாம்?

பதில்: பிள்ளை, நீங்கள் கேட்ட ஒழுங்கிலேயே சொல்ல வராது. திருவிருந்தில் இருந்தே தொடங்குகிறேன்.

போகலாம். நீங்கள் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்று உங்கள் ஊர்ச் சபையில் திருவிருந்து எடுக்கிறவர் என்றால், இங்கே பீடத்தண்டைக்குப் போய் முழந்தாளிட எந்தத் தடையும் இல்லை. உங்கள் தென்னிந்தியத் திருச்சபை, இந்த அங்கிலிக்கன் கோயில் சேர்ந்த இலங்கைத் திருச்சபை இரண்டுமே உலக அங்கிலிக்கன் ஐக்கியத்துக்குள் இருப்பவை. அப்படியானால் ஏன் இரண்டு கோயில் என்று கேட்பீர்கள். 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அங்குள்ள அங்கிலிக்கன்காரரும் மெதடிஸ்தரும் மற்றவர்களும் ஒரே சபையானார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குள் போனவை 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் வழியில் வளர்ந்த சபைகள் மட்டுந்தான். 1818இல் வந்து நல்லூரை மையமாக்கிக்கொண்ட சி.எம்.எஸ். என்கிற அங்கிலிக்கன் மிஷனின் சபைகள் சேரவில்லை. 1845இல் தொடங்கிய கொழும்பு மறைமாவட்டத்தோடேயே இருந்துவிட்டன. வன்னியின் அங்கிலிக்கன் கோயில்களும் கொழும்போடுதான். தெற்கே மதவாச்சிப் பக்கம் போய்விட்டால் அது 1950இல் பிரிந்த குருநாகல் மறைமாவட்டம். ஊர்க் கிழவர்கள் இன்றைக்கும் ‘சி.எம்.எஸ். கோயில்’, ‘அமெரிக்கன் மிசன் கோயில்’ என்றுதான் சொல்லுவார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள கதை இதுதான்.

ஆனாலும் முதல் தடவைக்கு முன் ஃபாதரிடமோ, கோயில் காரியங்களைப் பார்க்கும் வார்டனிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதற்காக இல்லை. பீடத்தண்டையில் யார் முழந்தாளிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து கொடுப்பது அவருக்கு நிம்மதி. திடப்படுத்தல் இன்னும் பெறாதவர், வேறு சமயத்தவர் என்றால் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துத் தலையைக் குனிந்தால் ஆசீர்வாதம் கொடுப்பார்கள். உங்கள் ஊரில் தனித்தனிச் சின்னக் கிண்ணங்களில் பழகியிருந்தால் இங்கே எல்லோருக்கும் ஒரே கிண்ணம் என்பது முதலில் கூச்சமாக இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. முன்னால் போகிறவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

எழும்புவது, இருப்பது எல்லாம் நான்கு ஞாயிறில் உடம்புக்கே தெரிந்துவிடும். இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பாட்டுக்கும் சுவிசேஷத்துக்கும் விசுவாசப் பிரமாணத்துக்கும் நிற்பது, மற்ற வாசிப்புகளுக்கும் பிரசங்கத்துக்கும் இருப்பது, பாவ அறிக்கைக்கு முழந்தாளிடுவது. முழங்கால் வலிக்காரர் குனிந்தபடி இருப்பார்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். நடுவில் ‘சமாதானம்’ என்று ஓர் இடம் வரும். நகரத்தில் கைகுலுக்குவார்கள். வன்னிக் கோயில்களில் நான் பெரும்பாலும் கண்டது கைகூப்பித் திரும்புவதுதான். முப்பது பேர் இருந்தால் முப்பது பேரையும் பார்த்துக் கும்பிட்டுத்தான் அடுத்த பாட்டு. அங்கே அவசரப்படாதீர்கள். உங்கள் முகத்தை ஊர் மனப்பாடம் செய்வது அந்த இரண்டு நிமிடத்தில்தான். செருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: வாசலில் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள்.

அடுத்தது ஃபாதர் வராத ஞாயிறு. அது குறையில்லை, இங்கே அதுதான் நடைமுறை. சபைகள் சின்னவை, தூரம் பெரிது. ஒரே குரு இரண்டு மூன்று கோயில்களை மோட்டார் சைக்கிளில் ஓடிப் பார்க்கவேண்டியிருக்கும். அதனால் ஓர் இடத்தில் காலை எட்டு மணிக்கென்றால் இன்னோர் இடத்தில் பத்தரைக்கு, மூன்றாவதில் பின்னேரம் அல்லது அடுத்த ஞாயிறு என்று போகும். அவர் இல்லாத நாளில் லே ரீடர் என்கிற பொதுநிலை வாசகர் காலை ஆராதனை நடத்துவார். சங்கீதம், இரண்டு வாசிப்பு, மன்றாட்டு, பிரசங்கம் எல்லாம் உண்டு. அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணிப்பது மட்டும் குருவானவருக்கே உரியது, ஆகவே திருவிருந்து இருக்காது. நானும் இருபது வருடத்துக்கு மேல் லே ரீடராக இருக்கிறவன்தான். ‘இன்றைக்கு ஃபாதர் இல்லையாம்’ என்று தெரிந்ததும் சைக்கிளைத் திருப்புகிறவர்களைக் கேற்றடியில் கண்டிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்பேன்: அந்த ஞாயிறுகளில் கட்டாயம் போங்கள். சபை தன் காலில் நிற்கிறதா என்று தெரிவது அன்றைக்குத்தான். குருவானவர் என்றதும் ஆண் என்றே நினைத்துவிடவும் வேண்டாம். இலங்கைத் திருச்சபையில் 2006 முதல் பெண்களும் குருவாக அபிஷேகம் பெறுகிறார்கள்.

இனி ஞாயிறு பாடசாலை, பாட்டுக் குழு. ஒரு ரீச்சர் கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததுமே இதைக் கேட்பார்கள். கேட்கிறவர்களைக் குறை சொல்லமுடியாது. படித்த இளம் பிள்ளைகள் யாழ்ப்பாணம், கொழும்பு, வெளிநாடு என்று போய்விட்ட ஊர்கள். ஆனால் உடனே ‘ஓம்’ சொல்லாதீர்கள். மூன்று மாதம் பொறுங்கள். காரணம், உங்களுக்கு முன்பு யாரோ ஓர் அக்கா அதைச் செய்துகொண்டிருந்திருப்பார். ஏன் விட்டார், இன்னும் விடவில்லையா, மனவருத்தமா என்பது முதல் கிழமையில் உங்களுக்குத் தெரியவராது. பாட்டுக் குழு இன்னும் கவனம். எந்தக் கீர்த்தனையை எந்த மெட்டில் பாடுவது என்பதில் சபையே இரண்டாகப் பிரிந்ததை நான் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து மெட்டுத்தான் சரி என்று முதல் மாதமே திருத்தப் போனீர்களோ, முடிந்தது கதை.

பொறுத்திருக்கும் அந்த மூன்று மாதத்தில் ஒன்றைச் செய்யலாம். ஞாயிறு காலை டியூசன் வகுப்பு வந்த பிறகு சாதாரண தரப் பிள்ளைகள் கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது. பெற்றோரை ஏசிப் பயனில்லை, சோதனை அவர்களுக்குப் பெரிய விஷயம். எந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிக்கு எங்கே வகுப்பு என்று ரீச்சரான உங்களுக்குத்தான் சுலபமாகத் தெரியவரும். அதை ஃபாதரிடம் சொல்லுங்கள். ஞாயிறு பாடசாலையைச் சனி பின்னேரத்துக்கு மாற்றிப் பிள்ளைகளைத் திரும்பப் பிடித்த இடம் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்பார்கள். ‘ரீச்சர், அடுத்த கிழமை மன்றாட்டை நீங்கள் சொல்லுங்கோவன்’ என்பார்கள். குரல் நன்றாக இருக்கும், வாசிப்புத் தெளிவாக இருக்கும் என்று. இதைத்தான் நான் விரிவாகச் சொல்லவேண்டும்.

மன்றாட்டில் உலகம், நாடு, திருச்சபை, நோயாளிகள், கடைசியில் நித்திரையடைந்தவர்கள் என்று ஓர் ஒழுங்கு உண்டு. வன்னிக் கோயில்களில் அந்த ஒழுங்குக்கு நடுவே இன்னொரு பட்டியல் இருக்கலாம். நான் போன கோயில் ஒன்றில் அது பழைய கொப்பி ஒன்றின் நடுப்பக்கத்தில், மூன்று வேறு கையெழுத்துகளில் இருந்தது. 2009இல் காணாமல் போனவர்களின் பெயர்கள். புதிதாக மன்றாட்டுச் சொல்ல வந்த ஒரு தம்பி பெயர்கள் இரண்டு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன என்று நினைத்து எல்லாவற்றையும் சேர்த்து ‘நித்திரையடைந்த உமது அடியார்களுக்காக’ என்று வாசித்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மூன்றாவது வாங்கில் இருந்த அம்மா ஒருவர் எழும்பி வெளியே போனார். செபத்தின் நடுவே யாரும் எழும்பமாட்டார்கள் அல்லவா, எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் கிணற்றடியில் போய் நின்றார். அந்தத் தாய்க்கு மகன் காணாமல் போனவன். இறந்தவன் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரத்தில் பந்தல் போட்டு இருந்த தாய்மாரும் கேட்டது, பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற பதிலைத்தான்.

ஆகவே உங்களிடம் கேட்டால், முதல் நாளே கொப்பியை வார்டனிடம் கொண்டுபோய் ஒவ்வொரு பெயரும் எந்தப் பட்டியலில் வரவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெயரை ஒரு பட்டியலில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அந்த வீட்டாரின் முடிவு, உங்களுடையதோ ஃபாதருடையதோ இல்லை. நவம்பர் 2இல் சகல ஆத்துமாக்கள் தினத்துக்குப் பெயர் சேர்க்கும்போதும் அப்படியே. அவர்களாகச் சொல்லாமல் ‘உங்கள் வீட்டில் யார் யார்’ என்று கேட்கவும் வேண்டாம். தேத்தண்ணி குடிக்கும்போது ஒருநாள் அவர்களாகவே சொல்லுவார்கள்.

அந்தத் தேத்தண்ணியைத் தவறவிடாதீர்கள். ஆராதனை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மூன்று வருடம் வந்தாலும் விருந்தாளிதான். பிளேன்ரீயும் வாய்ப்பனும் வாங்கிக்கொண்டு வேம்படியில் நிற்கும் அரை மணித்தியாலத்தில்தான் யாருக்குக் காய்ச்சல், யாருடைய வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டில் கிழமைச் செபக்கூட்டம் என்பதெல்லாம் தெரியவரும். வீட்டுச் செபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். பக்கத்து வீட்டுச் சைவக்காரரும் கதிரை இரவல் கொடுத்துவிட்டு வேலியோரம் நின்று பாட்டுக் கேட்பார்கள். ஆனால் இருட்டில் தனியே திரும்பாதீர்கள். காட்டோர வீதிகளில் பொழுதுபட்டால் யானை இறங்கும். கூட்டிக்கொண்டுபோய் விட ஆள் உண்டா என்று முதலே கேட்பதில் வெட்கமில்லை. தாய்மார் சங்கத்திலும் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கலியாணம் ஆகாதவர்களையும் இப்போது சேர்க்கிறார்கள், விருப்பமென்றால் போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் விடச் செத்தவீடு முக்கியம். அழைப்பு வராது. கேள்விப்பட்டால் போகவேண்டும்.

அங்கத்துவம். மாற்றவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. உங்கள் ஊர் போதகரிடம் ஓர் அறிமுகக் கடிதமும் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களின் பிரதியும் வாங்கிவந்து ஃபாதரிடம் கொடுங்கள். மறுபடி ஞானஸ்நானம் என்ற பேச்சே கிடையாது, அது ஒருமுறைதான். இடப்பெயர்வில் பதிவேடுகளே அழிந்துபோன சபைகள் இங்கே உண்டு. பிரதியின் அருமை இவர்களுக்குத் தெரியும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வார்டன்மாரையும் சபைக் குழுவையும் தெரிவுசெய்ய வாக்கு வேண்டும் என்றால்தான் இங்கே பெயர்ப்பட்டியலில் பதியவேண்டும். இரண்டு சபையில் இரண்டு வாக்கு வைத்திருப்பது அழகில்லை. இடமாற்றம் எப்போது வரும் என்று தெரியாத ஆசிரியருக்கு ஊரில் அங்கத்துவம், இங்கே வருகை என்பதே போதும். இந்தப் பக்கம் உங்கள் சபையாரே எங்காவது கூடுகிறார்களா என்றும் ஊர்ப் போதகரிடம் கேட்டுப் பாருங்கள். கலியாணம் பேசியிருந்தால் மட்டும் தாமதிக்காமல் ஃபாதருக்குச் சொல்லுங்கள், ஓலை, அதாவது கலியாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும்.

பணம். பதியாதவருக்குச் சந்தா இல்லை. காணிக்கைப் பை வரும்போது முடிந்ததைப் போடுங்கள். உங்களுக்குச் செலவு வைக்கப்போவது அறுவடைப் பண்டிகைதான். காலபோக வெட்டு முடிந்து முதல் நெல் வந்ததும் பீடத்தைச் சுற்றிப் பூசணி, வாழைக்குலை, மரவள்ளி, முட்டை, உயிரோடு கோழி எல்லாம் வந்து சேரும். ஆராதனைக்குப் பின் ஏலம். கடைக்கார ஐயா ஒருவர், சைவக்காரர், ஒரு பலாப்பழத்தை ஏலத்தில் எடுத்தார். எடுத்ததும் ‘திருப்பி ஏலம் விடுங்கோ’ என்று கொடுத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே செய்ய, அந்தப் பழம் நான்கு தரம் விலைப்பட்டது. சந்தை விலைக்கும் ஏல விலைக்கும் சம்பந்தமே இல்லை, கோயில் கூரைக்கான காசு அது. இவ்வளவுதான் என்று ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை உற்சாகத்தில் சேவல் ஒன்றை எடுத்துவிட்டு, கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மறுத்ததால் அதே கடைக்கார ஐயாவிடம் பாதி விலைக்கு விற்றுவிட்டு வந்தேன்.

வருகிற சனி பின்னேரம் வார்டனுக்கு ஒரு கோல் எடுத்து, ஃபாதர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேளுங்கள். நேரம் மாறினாலும் புதிதாக வந்தவருக்கு யாரும் சொல்ல நினைக்கமாட்டார்கள். ஃபாதர் வரவில்லை என்று சொன்னால், யார் நடத்துகிறார் என்று கேட்டு, அவருக்கு வாசிப்பு ஒன்றுக்கு ஆள் தேவையா என்றும் கேளுங்கள். வாசிப்புக்கு மூன்று மாதம் பொறுக்கத் தேவையில்லை.