பட்டாவில் 2 மா, போனில் 72 சென்ட்: எந்த வரைபடத்தை நம்புவது?

நீடாமங்கலம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பட்டாவில் என் வயல் 0-27.0 ஹெக்டேர். போன் ஆப்பை வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்தால் 72 சென்ட் காட்டுகிறது. ஆன்லைனில் எடுத்த எஃப்.எம்.பி.யை, அதாவது சர்வே துறையின் வயல் அளவுப் படத்தை, பிரிண்ட் போட்டு ஸ்கேல் வைத்து அளந்தால் 60 சென்ட்தான் வருகிறது. உருண்டையான பூமியைத் தட்டையாக்கியதால் வந்த வினை இது என்கிறான் மகன். எது சரி?"

முதலில் பட்டா. 0-27.0 என்றால் 27 ஏர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஒரு ஏருக்கு 2.47 சென்ட் என்று போட்டால் 66.7 சென்ட், நம் பக்கத்துக் கணக்கில் 2 மா. இதை ஒரு ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 60 சென்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம், பிரிண்டர்தான். கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷினே படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். நீளம் 95 சதவீதமாகச் சுருங்கினால் பரப்பு 90 சதவீதம்தான், அதாவது 66.7 சென்ட் 60 ஆகிவிடும். படத்தில் 1:2000 என்று போட்டிருப்பது மூலப் படத்துக்கு. உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு அது பொருந்தாது. சுருங்காமலே வந்திருந்தாலும் அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 2 மீட்டர், பென்சில் கோட்டின் தடிமனே ஒரு வரப்பை விழுங்கிவிடும்.

அதனால் எஃப்.எம்.பி.யை அளக்காதீர்கள், படியுங்கள். கல்லுக்குக் கல் எல்லைக்கோட்டின் மேல் மீட்டரில் எண் எழுதியிருக்கும். வயலுக்குக் குறுக்கே ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு ஒரு கோடு ஓடும், சர்வேயர்கள் ஜி லைன் என்பார்கள். அந்தக் கோட்டில் இத்தனை மீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் போனால் வளைவான வரப்பின் மூலை வரும், அதற்கும் எண் உண்டு. வயல் முக்கோணம் முக்கோணமாகப் பிரிந்துவிடுகிறதா, அடிப்பக்கம் பெருக்கல் உயரம், அதில் பாதி, எல்லாவற்றையும் கூட்டினால் பரப்பு. 27 ஏரை ஒட்டி வந்தால் படமும் பட்டாவும் ஒத்துப்போகிறது. பழைய கையெழுத்துப் பிரதியாக இருந்தால் எண்கள் லிங்க்ஸில் இருக்கும்: 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி, 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

அடுத்து போன். வெட்டவெளியில்கூட போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை விடுங்கள், நீங்கள் எங்கே நடந்தீர்கள்? வயல் 60-க்கு 45 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 2700 சதுர மீட்டர். வரப்பின் வெளி ஓரத்தில் நடந்து நாலு பக்கமும் ஒரு மீட்டர் கூடியிருந்தால் 62-க்கு 47, அதாவது 2914 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் சரியாக 72! வயலைச் சுற்றி ஒரே ஒரு மீட்டர், அவ்வளவுதான் விஷயம்.

மகன் சொன்னது பாதி சரி. உருண்டையைத் தட்டையாக்கும் முறைக்குப் பெயர் ப்ரொஜெக்ஷன், பாடநூலில் கோட்டுச்சட்டம் என்பார்கள். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் பரப்பினால் எங்காவது கிழியத்தான் செய்யும். கிழியாமல் இழுத்தால் வடிவமோ பரப்போ ஏதாவது ஒன்று கெடும். கூகுள் மேப்பின் தட்டைப் படம் மெர்கேட்டர் வகை, 1569-ல் கப்பலோட்டத்துக்காகப் போட்டது. வடிவத்தைக் காப்பாற்றும், பரப்பைத் துருவத்தை நோக்கி ஊதிப் பெருக்கும். இந்தியாவைவிடச் சிறிய கிரீன்லாந்து அதில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, பாருங்கள். ஆனால் நாம் பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரிதான் தள்ளி இருக்கிறோம், இங்கே அந்த ஊதல் பரப்பில் நாலு சதவீதத்துக்கும் கீழே. அதையும் அளக்கும் கருவி தானாகவே சரிசெய்துகொள்கிறது. ஆகவே உங்கள் கூடுதல் சென்ட்டுக்கும் மெர்கேட்டருக்கும் சம்பந்தமில்லை. சொந்தமாகக் கம்ப்யூட்டரில் வரைகிற பழக்கம் மகனுக்கு இருந்தால் யுடிஎம் என்ற ப்ரொஜெக்ஷனில் 44-வது மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், டெல்டா முழுக்க அதற்குள் அடங்கும்.

டோப்போஷீட் (இந்திய சர்வே துறையின் நிலப்பரப்பு வரைபடம்) பற்றியும் ஒரு வார்த்தை, யாராவது வாங்கச் சொல்வார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் மூன்றும் 58 என் தொகுதியில் வரும். 1:50,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர், உங்கள் 2 மா அதில் ஒரு புள்ளி. ஆறு, வாய்க்கால், கரை பார்க்க அருமையான படம். கரையோரம் 3ஆர் மாதிரி எழுதியிருந்தால் சுற்றுத் தரையைவிட 3 மீட்டர் உயரம் என்று அர்த்தம். சமஉயரக் கோட்டைத் தேடாதீர்கள், 20 மீட்டருக்கு ஒரு கோடு போடுகிற படத்தில் டெல்டா வெறும் வெள்ளைத் தாள் மாதிரிதான் கிடக்கும். மலை இல்லாத இந்தத் தரையில் அளக்க 1808-ல் ஆங்கிலேய சர்வே அதிகாரி லாம்ப்டன், கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றப் பார்த்தார், கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. பழைய டோப்போஷீட் எவரெஸ்ட் என்ற பழைய பூமி அளவீட்டில் போட்டது, போன் வைத்திருப்பது வேறு அளவீடு, போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையை அதில் அப்படியே வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது கல்லைத் தேடுவது. எஃப்.எம்.பி.யில் எல்லைக்கு வெளியே பக்கத்து சர்வே எண்கள் எழுதியிருக்கும், மூன்று எண்கள் சந்திக்கும் மூலையில் இருப்பது முச்சந்திக் கல், அதிலிருந்து தொடங்குங்கள். வண்டலில் புதைந்திருக்கும், கடப்பாரையால் குத்திப் பார்த்தால் 'டங்'கென்று கேட்கும். ஒரு கல் கிடைத்தால் டேப்பைப் பிடித்து எழுதிய மீட்டருக்கு அடுத்த கல்லைத் தேடலாம். வருஷா வருஷம் இரண்டு பக்கத்துக்காரரும் மண்வெட்டியால் வரப்பைச் சீவுகிறோம், அதனால் வரப்பை எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லே இல்லை என்றால் சண்டைக்குப் போகாமல் இ-சேவை மையத்தில் எஃப் லைன் (எல்லைக்கோடு) அளவைக்கு மனு கொடுங்கள், பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. தண்ணீர் கட்டிய வயலில் கல் தேட முடியாது, அறுவடை முடிந்து தரை காய்ந்ததும் வைத்துக்கொள்ளுங்கள்.