பள்ளிப் பிள்ளைகளின் தன்சுத்தம்: ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தன்சுத்தம் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருந்த சிலவற்றை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறேன். மணி அடித்ததும் விரல் நுனியை நனைத்துவிட்டுத் தட்டோடு ஓடுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது? (ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்)

சொல்வதைச் சற்று நிறுத்திவிட்டு, ஒரு நாள் காட்டுங்கள். தேங்காய் எண்ணெயில் சிறிது மஞ்சள்தூளைக் குழைத்து, பிள்ளைகளின் உள்ளங்கையிலும் புறங்கையிலும் மெல்லப் பூசி, முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்; மஞ்சள் இருந்த இடத்திலேயே இருக்கும். கையில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையோடுதான் அழுக்கும் கிருமியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதையும், அந்தப் பசையை வெறும் தண்ணீர் அசைப்பதில்லை என்பதையும் பிள்ளைகள் அங்கேயே கண்டுகொள்வார்கள்.

பிறகு கட்டிச் சோப்பைக் கொடுங்கள். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது நம் வீடுகளில் தெரிந்த செய்திதான். சோப்பின் காரத்தன்மையால் கையிலும் அதுவே நடக்கும்: சோப்பு எட்டிய இடம் செம்மை ஏறி வெளுக்கத் தொடங்கும், எட்டாத இடம் மஞ்சளாகவே நிற்கும். கட்டைவிரலின் அடிப்பகுதி, விரல் இடுக்கு, நகக்கண் ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் மஞ்சள் மிஞ்சும். "டீச்சர், என் பெருவிரலுக்குச் சோப்பே போகல" என்று என் வகுப்பில் ஒரு பையன் கையைத் தூக்கிக் காட்டியது இன்றும் நினைவிருக்கிறது. அதன்பின் அவனுக்கு நான் ஒருநாளும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. காரம் குறைந்த திரவச் சோப்பில் இந்த நிறமாற்றம் தெரியாது என்பதால், முந்திய நாள் மாலையில் நீங்களே ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது. தேய்க்கும் நேரம் 20 விநாடியாவது இருக்க வேண்டும். ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ணச் சொன்னால் முதல் வகுப்புக்கு அது கணக்குப் பாடமாகவும் ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 120 பிள்ளைகள், இரண்டு குழாய்கள். வைத்த சோப்பு இரண்டே நாளில் காணாமல் போகிறது. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரவில்லையே? (தலைமையாசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்)

ஐயா, பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் கணக்கைப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் என்றால், இரண்டு குழாய்களில் 120 பேரும் கழுவி முடிக்க 30 நிமிடம் ஆகும். பசியோடு நிற்கும் பிள்ளை அவ்வளவு நேரம் வரிசையில் நிற்காது. நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. 10 அடி நீளமுள்ள ஒரு பிவிசி குழாயை வாங்கி, அடிக்கு ஒன்றாகப் பத்துத் துளைகள் போட்டு, ஒரு முனையை மூடியால் அடைத்து, மறுமுனையைத் தொட்டியிலிருந்து வரும் வால்வோடு இணைத்து, பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் சுவரோரமாகப் பொருத்துங்கள். பத்துப் பேர் ஒன்றாகக் கழுவலாம். 120 பேருக்கும் பன்னிரண்டு சுற்று, ஆறு நிமிடம். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பள்ளிகளில் இப்படிக் கூட்டமாக நின்று கை கழுவுவதை அன்றாட நடைமுறையாகவே கொண்டுவந்தார்கள்.

தண்ணீர் அரிதான ஊர் உங்களுடையது. எனவே கையை நனைத்ததும் வால்வை மூடி, தேய்த்து முடித்தபின் மீண்டும் திறக்க ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்துங்கள். வழிந்தோடும் நீர் வாழைக்குப் போகட்டும். சோப்பைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டால், தரையில் விழாது, கரைந்து வீணாகாது, யாரும் எடுத்துப் போவதுமில்லை.

கேள்வி: நான்காம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் தலையில் நிறையப் பேன் இருக்கிறது. தங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்பதால் அவளைத் தனியே உட்கார வைக்கும்படி மற்ற பெற்றோர் கேட்கிறார்கள். (ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். காலை வணக்கக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், ஒரு சிறுமியின் பெயரைச் சொல்லி, தலையைச் சுத்தம் செய்துகொண்டு வா என்றேன். அடுத்த ஒன்பது நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, தலையை மழித்துவிட்டு, அவமானத்தால் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். நான் நல்லதென்று நினைத்துச் சொன்ன சொல் அது.

பேன் பறக்காது, தாவாது. முடியோடு முடி உரசும்போது நடந்துதான் ஏறுகிறது. சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று அது பார்ப்பதில்லை. ஆகவே ஒருத்திக்கு இருந்தால், பக்கத்தில் உட்காரும் நான்கைந்து பேருக்கும் இருக்கும் என்று எண்ணி, பெயர் குறிப்பிடாமல் வகுப்பிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே வாரக் கடைசியில் தலை பார்த்தால்தான் பயன் உண்டு. எண்ணெய் தடவி, வெளிச்சத்தில் உட்காரவைத்து, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகுமாதலால், ஒருமுறை வாரிவிட்டு விட்டுவிட்டால் பத்தாம் நாள் எல்லாம் திரும்பிவிடும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, இரண்டு வாரம் தொடர வேண்டும். மருந்து தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கட்டும். மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ தலையில் தடவுவதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடுங்கள். குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: சோப்புக்குப் பதில் சானிடைசர் போதாதா? (ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது; விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் கை எப்போதும் அப்படித்தான் இருக்கும். கிருமிநாசினி கலந்ததென்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த சோப்பும் வேண்டாம். அத்தகைய சோப்புகள் சாதாரணச் சோப்பைவிட மேலானவை என்பதற்குச் சான்று தரப்படவில்லை என்று கூறித்தான், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களை அமெரிக்க அரசு 2016இல் சோப்பிலிருந்து விலக்கியது.

கேள்வி: ஆறு வயது மகளுக்குக் கடைவாயில் சொத்தை. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடலாமா? (ஒரு தாய், மதுரை)

அம்மா, ஆறு வயதையொட்டிப் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைத்த பல். அது விழுந்து முளைக்காது. பல பெற்றோர் அதைப் பால்பல் என்று நம்பியே இழக்கிறார்கள். எந்தப் பல் என்று பல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள். பால்பல்லாகவே இருந்தாலும் சொத்தையை அப்படியே விடக்கூடாது. ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்குத் தாங்களாக முழுமையாகத் துலக்கக் கை வராது. இரவில் அவள் துலக்கி முடித்ததும், பட்டாணி அளவு பற்பசையோடு நீங்கள் ஒருமுறை பின்பற்களைத் துலக்கிவிடுங்கள்.

கேள்வி: நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் நான். மாதவிடாய்க் காலச் சுத்தம் பற்றி மாணவியரிடம் ஆண் ஆசிரியரான நான் பேசலாமா? (தருமபுரி மாவட்டம்)

பேசுவதை ஆசிரியையிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ விட்டுவிடுங்கள். உங்களால் மட்டுமே ஆகும் வேலைகள் வேறு இருக்கின்றன. மாணவியர் கழிப்பறைக்குள் பள்ளி முடிந்தபின் போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுகிறதா என்று நீங்களே பாருங்கள். வாளி, குவளை, சோப்பு, மூடியுள்ள குப்பைக்கூடை, சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள் ஆகியவை உள்ளே இருக்க வேண்டும். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டுமாதலால், காலை முதல் மாலை வரை பள்ளியில் இருக்கும் பெண் ஒருமுறையாவது எழுந்து போயாக வேண்டும். காரணம் கேட்காமல் அனுப்புமாறு எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிவையுங்கள். அரசின் புதுயுகம் திட்டத்தில் வரும் நாப்கின்களைப் பல பள்ளிகளில் அலுவலக அறைப் பீரோவில் பூட்டிவைக்கிறார்கள். ஆண்கள் நடுவே வந்து சாவி கேட்க எந்தப் பெண் துணிவாள்? மாணவியர் கழிப்பறைச் சுவரில் ஓர் அலமாரி அடித்து, அதில் வையுங்கள். எத்தனை போனது என்று வாரக் கடைசியில் எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம்.