பி.இ.யோடு ஒரு பிசினஸ் மைனர்: கேட்டவையும் சொன்னவையும்

நாலாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு "மேடம், மைனர் போடலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பொறியியல் கல்லூரி ஒன்றின் மேலாண்மைத் துறையில் கணக்கியலும் நிதி மேலாண்மையும் எடுப்பதால் இந்தக் கேள்வி எப்படியும் என்னிடம் வந்து சேரும். இந்த முறை எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில்.

மைனர் என்றால் என்ன மேடம்? எல்லாரும் எடுத்தே ஆகணுமா? (இசிஇ, மூன்றாம் செமஸ்டர், திருநெல்வேலி)

கட்டாயமே இல்லை. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுக்கு (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை) மேலே இன்னும் 18 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பேப்பர் ஆறு, ஒரே வெர்டிக்கலில், அதாவது ஒரே பாடத் தொகுப்பில், முடித்தால் பட்டத்தோடு மைனர் என்று சேர்த்துத் தருவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 என்ற பாடத்திட்ட விதிகளில் வேறு பொறியியல் துறையின் வெர்டிக்கலையும் எடுக்கலாம். அது போக ஐந்து பொது வெர்டிக்கல்கள்: ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்) அண்ட் பிளாக்செயின், ஆந்த்ரப்ரனர்ஷிப் (தொழில்முனைவு), பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் (பொது நிர்வாகம்), பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ் (வணிகத் தரவுப் பகுப்பாய்வு), என்விரான்மென்ட் அண்ட் சஸ்டெயினபிலிட்டி. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பட்டியல் வேறாக இருக்கும்.

பட்டியலில் இருப்பதெல்லாம் உங்கள் கல்லூரியில் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வாத்தியார் இருக்க வேண்டும், ஆள் சேர வேண்டும். எது நடக்கிறது என்று கிளாஸ் அட்வைசரிடம் முதலில் கேளுங்கள். மிச்ச யோசனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நான் மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்குக் கணபதியில் சின்ன லேத் பட்டறை, ஜாப் ஒர்க்தான். படிப்பு முடிந்து நான்தான் பார்க்கப்போகிறேன். ஆந்த்ரப்ரனர்ஷிப் மைனர்தானே சரி? (கோயம்புத்தூர்)

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் தம்பி. சிலபஸை எடுத்துப் பாருங்கள். தொழில்முனைவின் அடிப்படை, குழு அமைத்தலும் தலைமையும், படைப்பூக்கம், மார்க்கெட்டிங், மனிதவளம், புதிய தொழிலுக்கு நிதி திரட்டல். ஆறில் பணத்தை நேராகத் தொடுவது கடைசி ஒன்று. அதுவும் புதிதாகத் தொடங்குகிறவரை மனதில் வைத்து எழுதியது. உங்களுக்கு ஏற்கெனவே ஓடுகிற பட்டறை இருக்கிறது. அதன் தலைவலி வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 5 லட்சத்துக்குப் பில் போடுகிறீர்கள். கூலி, கரண்ட், டூல், வாடகை எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 20 ஆயிரம் செலவு. ஏட்டில் மாதம் 80 ஆயிரம் லாபம். ஆனால் பார்ட்டி 90 நாள் கழித்துத்தான் பணம் போடுகிறார். முதல் பில்லுக்குப் பணம் வருவதற்குள் உங்கள் கையிலிருந்து 12 லட்சத்து 60 ஆயிரம் போயிருக்கும். இந்த நேரத்தில் அதே அளவில் இன்னொரு ஆர்டர் வந்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பள்ளமோ இரண்டு மடங்காகும். லாபத்தில் ஓடும் பட்டறை சம்பளம் போட முடியாமல் நிற்பது இப்படித்தான். இதற்குப் பெயர் நடைமுறை மூலதனம். அதைச் சொல்லித்தருவது ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் பேப்பர், ஃபின்டெக் வெர்டிக்கலில் முதலாவதாக இருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம்தான். சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டமே சொல்கிறது. தவறினால் வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது என்ற வருமான வரித் திருத்தமும் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அப்படியும் 90 நாள் ஏன் நடக்கிறது என்று அப்பாவைக் கேளுங்கள், ஒரே வரியில் சொல்லிவிடுவார்: புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது.

ஆனால் அந்த ஒரு பேப்பருக்காக ஃபின்டெக் வெர்டிக்கல் முழுவதையும் சுமக்க வேண்டாம், மிச்சம் முதலீடு, வங்கி, பிளாக்செயின் என்று போகும். ஆகவே உங்களுக்கு என் சிபாரிசு பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ். அதில் மேலாண்மைக்கான புள்ளியியல், ஆபரேஷன் அண்ட் சப்ளை செயின் அனலிட்டிக்ஸ், ஃபைனான்ஷியல் அனலிட்டிக்ஸ் மூன்றும் பட்டறைக்கு உதவும். மனிதவள அனலிட்டிக்ஸும் சோஷியல் மீடியா அனலிட்டிக்ஸும் எட்டுப் பேர் வேலை பார்க்கிற இடத்துக்கு வீண்தான், வேறு வழியில்லை, எழுதித் தள்ளுங்கள். கணக்கியலுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஏழாம் செமஸ்டரில் மேலாண்மை எலெக்டிவ் (விருப்பப்பாடம்) ஒன்று பல துறைகளுக்கு உண்டு, உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கல்லூரிகளில் வகுப்பு மொத்தத்துக்கும் பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்டைப் போட்டுவிடுவார்கள். அதே பட்டியலில் இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் அண்ட் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஹெச்ஓடியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். லீவு நாளில் ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்காருங்கள், உங்கள் பட்டறையின் ஜிஎஸ்டி ரிட்டர்னை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

மகள் சிவில் படிக்கிறாள். மைனர் எடுத்தால் கேம்பஸில் சம்பளம் கூடுமா அம்மா? (பெற்றோர், சேலம்)

சம்பளம் கூடிவிடாது ஐயா. கம்பெனிகள் முதல் வடிகட்டலில் பார்ப்பது சிஜிபிஏயும் அரியர் இருக்கிறதா என்பதும்தான். மைனர் அந்தக் கட்டத்தில் கணக்கிலேயே வராது. நேர்முகத்தில் "இதை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டால் பாப்பா இரண்டு நிமிடம் உருப்படியாகப் பேச முடிந்தால் அதுதான் பலன். சிவிலில் டெண்டர், எஸ்டிமேட், கான்ட்ராக்டர் பில் என்று எல்லாமே பணத்தோடு ஓடுகிற வேலை. நிதி படித்திருந்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கும். சம்பளத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

சிஎஸ்இ, நாலாம் செமஸ்டர். ஃபின்டெக்கா, அனலிட்டிக்ஸா? பிளாக்செயின் இருப்பதால் ஃபின்டெக் பக்கம் சாய்கிறேன். (சென்னை)

ஃபின்டெக்தான், ஆனால் பிளாக்செயினுக்காக எடுக்காதீர்கள். அதை நீங்களாகவே படித்துவிடலாம், கோடும் (புரோகிராம்) எழுதத் தெரியும். அனலிட்டிக்ஸ் வெர்டிக்கலில் பாதி உங்கள் சொந்தத் துறையிலேயே வேறு பெயரில் வரும். ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட், முதலீட்டின் அடிப்படைகள், வங்கி மற்றும் காப்பீட்டுச் சேவைகள் ஆகிய மூன்றுதான் சிஎஸ்இக்காரருக்கு வேறெங்கும் கிடைக்காத பேப்பர்கள்.

ஏன் என்று கேட்டால், யுபிஐயில் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது, அவருக்குப் போகவில்லை. கோடு எழுதுகிறவர் கண்ணுக்கு இது ஒரு டைம்அவுட், மறுபடி முயன்றால் தீர்ந்தது. வங்கிக்காரர் கண்ணுக்கு அந்த 500 ரூபாய் இந்த நிமிடம் யாருடைய ஏட்டில் நிற்கிறது என்பதே கேள்வி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கைப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பும் யுபிஐ பரிமாற்றம் இப்படித் தோற்றால் மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்காரருக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். இந்த விதியைக் கோடாக மாற்றி, இரண்டு வங்கிகளின் ஏடுகளையும் தினமும் ஒத்துப்பார்ப்பதற்கென்றே பெரிய குழுக்கள் வேலை செய்கின்றன. தரமணி முதல் ஓஎம்ஆர் வரை வங்கிகளின் தொழில்நுட்ப மையங்களில் நடப்பதில் கணிசமான பங்கு இந்த மாதிரி வேலைதான். பற்று வரவு புரிந்த புரோகிராமர் அங்கே சீக்கிரம் கண்ணில் படுவார்.

எம்பிஏ போவது உறுதி. அதற்கு முன்னோட்டமாக மைனர் உதவுமா? (இஇஇ, மதுரை)

எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட்டுக்கு (CAT) உதவாது. அங்கே மொழித்திறன், தரவு விளக்கம், கணிதம், அவ்வளவுதான். எந்தப் பட்டமானாலும் 50 சதவீதம் போதும், மைனர் கேட்பதில்லை. தமிழ்நாட்டின் டான்செட் நுழைவுத் தேர்விலும் அதே கதை. எம்பிஏ முதல் ஆண்டில் மார்க்கெட்டிங், மனிதவளம், கணக்கியல் எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள். இப்போது ஆறு பேப்பர், அங்கே போய் மறுபடி அதே ஆறு பேப்பர் என்று ஆகும். அந்த நேரத்தில் உங்கள் துறையிலேயே ஆழமாகப் போங்கள், அல்லது ஒரு நல்ல இன்டர்ன்ஷிப் தேடுங்கள். எம்பிஏ நேர்முகத்தில் இஇஇ மாணவரிடம் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிக் கேட்டு மடக்குவது சாதாரணமாக நடக்கும்.

அக்கா, நான் பி.எஸ்சி கணிதம். எங்களுக்கு மைனர் என்று கிடையாது, அலைட் பேப்பர் (துணைப்பாடம்) தான். அக்கவுன்டன்சியா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா? (திருச்சி)

ஸ்டாட்டிஸ்டிக்ஸ், யோசிக்கவே வேண்டாம். காப்பீட்டுத் துறைப் பக்கம் ஆசை இருந்தால் ஆக்சுவரி (காப்பீட்டில் இடரைக் கணக்கிட்டு மதிப்பிடுபவர்) படிப்பைப் பாருங்கள். இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதிச் சேரலாம். முதல் பேப்பர்களில் ஆக்சுவரியல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆக்சுவரியல் மேத்தமேட்டிக்ஸ் இரண்டும் கணித மாணவிக்குத் தோதானவை. பிசினஸ் ஃபைனான்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸும் தொடக்க நிலையிலேயே வரும். அக்கவுன்டன்சியை நான்-மேஜர் எலெக்டிவில் (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப்பாடம்) கொடுத்தால் அங்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சுவரி முடிக்கப் பல வருடம் ஆகும் என்பதை வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பி.காம். மாணவன். பிசினஸ் மைனர் எடுக்கலாமா?

நீங்கள் படிப்பதே அதுதானே! ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அல்லது கம்ப்யூட்டர் பக்கம் போங்கள்.

ஐஏஎஸ்தான் லட்சியம். பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் மைனர் எடுத்தால் அப்படியே ஆப்ஷனலுக்கு ஆகுமா? (ஐடி, வேலூர்)

ஓரளவுக்கு ஆகும். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் விருப்பப்பாடம் இரண்டு தாள், 500 மதிப்பெண். பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மைனரில் வரும் நிர்வாகக் கோட்பாடுகள், இந்திய நிர்வாக அமைப்பு, அரசமைப்புச் சட்டம் எல்லாம் அங்கேயும் பொது அறிவு இரண்டாம் தாளிலும் கைகொடுக்கும். ஆனால் செமஸ்டருக்குப் படிக்கும் 13 மார்க் பதிலை வைத்துக்கொண்டு யுபிஎஸ்சி எழுத முடியாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1-இல் விருப்பப்பாடமே கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

சிஏ பண்ண ஆசை வந்துவிட்டது. ஃபைனான்ஸ் மைனர் இருந்தால் ஃபவுண்டேஷன் தேர்விலிருந்து விலக்கு உண்டா? (பயோடெக், காஞ்சிபுரம்)

மைனருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தப் பட்டதாரியும் 60 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். வணிகவியல் படித்தவர்களுக்கு 55. உங்கள் கவலை பி.இ. சதவீதத்தைப் பற்றியே இருக்கட்டும்.

மைனருக்குப் பதில் என்பிடெல் ஆன்லைன் பாடத்தில் படித்தால் போதாதா? (ஆட்டோமொபைல், ஓசூர்)

பலருக்குப் போதும். ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் 12 வார நிதிக் கணக்கியல் பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை என்றால் ஆறு பேப்பரைச் சுமக்க வேண்டாம். ஆனால் வாராவாரம் அசைன்மென்டைக் கடைசி இரவில் நண்பனிடம் வாங்கிப் போடுகிற ரகமா நீங்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்படியென்றால் வகுப்பில் உட்கார வைக்கிற மைனர்தான் நல்லது.

ஒரு அரியர் இருக்கிறது, மேத்ஸ். இருந்தாலும் சேரலாமா மேடம்? கூடப் படிக்கிறவன் எல்லாம் போடுகிறான். (மெக்கானிக்கல், விழுப்புரம்)

முதலில் மேத்ஸை முடியுங்கள். மைனர் எடுத்தால் மூன்று செமஸ்டருக்குத் தலா இரண்டு பேப்பர் கூடும். எல்லாரும் பஸ் ஏறிய பிறகோ சனிக்கிழமையோதான் வகுப்பு வைப்பார்கள். சிஜிபிஏ வரம்பு, அரியர் நிபந்தனை, பாதியில் விட்டால் படித்த பேப்பரை ஓப்பன் எலெக்டிவ் கணக்கில் சேர்ப்பார்களா, இந்த மூன்றையும் தேர்வுப் பிரிவில் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நண்பனிடம் கேட்காதீர்கள், அவனும் யாரோ சொல்லித்தான் சேர்ந்திருப்பான்.