பார்னில் கல்யாணம்: கேளுங்கள், சொல்கிறேன்

இங்கிலாந்துக் கிராமத்து பார்ன்களில், அதாவது பண்ணைகளில் இருக்கும் பெரிய கொட்டகைகளில், மணவறை போட்டுக் கொடுப்பது 14 வருடமாக என் பிழைப்பு. இன்று சாயங்காலம் முழுக்க உங்கள் கேள்விகளுக்குப் பதில். சட்டம் பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்.

அக்கா, "மாட்டுக் கொட்டகையிலயா தாலி கட்டப் போற" என்று அப்பா குதிக்கிறார். என்ன சொல்ல?

நெற்களம் என்று சொல்லுங்கள், அடங்கிவிடுவார். பொய்யும் இல்லை. பழைய பார்ன்கள் பல, கதிரடிக்கக் கட்டியவை. நீளச் சுவர்களில் எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள் இருக்கும். இரண்டையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். அந்தக் காற்றில்தான் தூற்றுவார்கள். பதர் பறக்கும், மணி கீழே விழும். நம் ஊரில் வெட்டவெளிக் களத்தில் செய்ததை, நினைத்தபோதெல்லாம் மழை பெய்கிற இந்த ஊரில் கூரைக்குள் செய்தார்கள். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமத்தில் 1426-ல் கட்டிய பார்ன் இன்னும் நிற்கிறது. ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், உள்ளே வரிசையாக ஓக் மரத் தூண்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் அதை மிடில்செக்ஸின் கதீட்ரல் என்றார். அப்பாவை ஒரு நடை கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

ஒன்று மட்டும்: அந்தக் கதவுகளுக்கு நேராக மணவறை போடாதீர்கள். தூற்றுவதற்கு வந்த காற்று இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. என் முதல் வருடத்தில் ஒரே கல்யாணத்தில் குத்துவிளக்கை ஏழு தடவை ஏற்றினோம். மாமியார் முகத்தை இன்றும் மறக்கவில்லை.

ஹோமம் வளர்க்க விடுவார்களா?

இடத்துக்கு இடம் மாறும். முடிவு பெரும்பாலும் முதலாளி கையில் இல்லை, இன்ஷூரன்ஸ் கையில் இருக்கிறது. வைக்கோல் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். ஓட்டுக் கூரையாக இருந்தால் சின்னக் குண்டம், அடியில் மணல் பரப்பிய தட்டு, பக்கத்தில் தீயணைப்பான், இதற்கென்றே ஓர் ஆள். புகை அலாரத்தை யார், எத்தனை மணிக்கு நிறுத்தி வைப்பார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னது செல்லாது.

ரெஜிஸ்ட்ரார் முன்னாலேயே தாலி கட்டிவிடலாமா? ஒரே வேலையாக முடியுமே.

முடியாது. பார்னில் பதிவுத் திருமணம் செய்ய அந்த இடத்துக்குக் கவுன்சில் அனுமதி இருக்க வேண்டும். 1994-ல் வந்த சட்டத்தால்தான் இப்படிப்பட்ட இடங்களில் பதிவே சாத்தியமானது. அந்தப் பதிவுச் சடங்கில் மதச் சடங்கு சேரக்கூடாது. அதனால் ரெஜிஸ்ட்ரார் வேலையை முடித்துக் கிளம்பட்டும், பிறகு ஐயர் உட்காரட்டும். இல்லையென்றால் வேறொரு நாளில் பதிவு அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு முடித்துவிடுங்கள். நான் இதைத்தான் சொல்வேன். முகூர்த்தமும் ரெஜிஸ்ட்ராரும் ஒரே கடிகாரத்தில் ஓட மாட்டார்கள்.

கல்யாணப் பதிவுக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய நோட்டீஸைக் கொடுத்த பிறகு இடத்தை மாற்றிவிட்டோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது! நோட்டீஸில் இடத்தின் பெயர் இருக்கிறது. பதிவை அங்கே செய்வதாக இருந்தால் திரும்பக் கொடுக்க வேண்டும், 28 நாள் காத்திருப்பும் மறுபடி முதலிலிருந்து. இன்றே போன் போடுங்கள்.

அக்னி வளர்க்கலாமா?

ஹோமம் பற்றி மேலே இருக்கிறது.

நாதஸ்வரம், தவில் வைக்கலாமா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். பல பார்ன்களில் சவுண்ட் லிமிட்டர் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கோடு ஒரு சின்னப் பெட்டி. சத்தம் சில விநாடி சிவப்பில் நின்றால் பிளக்குகளுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

தவிலுக்கு ஏது பிளக்?

கெட்டிக்காரர். தவில் நிற்காது, மற்றதெல்லாம் நிற்கும். ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டினார். தவில் எழுந்தது, சிவப்பு எரிந்தது, மைக், பூ விளக்கு, வீடியோக்காரர் விளக்கு எல்லாம் ஒன்றாகப் போயின. தாலி கட்டும் காட்சி வீடியோவில் ஒரே இருட்டு. மேளச் சத்தம் மட்டும் கணீரென்று கேட்கும்.

அப்படியென்றால் பென் டிரைவில் போட்டுவிடலாமே?

(இதற்கு யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்: "மேளம் இல்லாமல் கலியாணமோ? பாட்டுப்பெட்டிக்கு முன்னால தாலி கட்டேலுமோ?")

அண்ணன் கட்சிதான் நானும். ஆனால் இரண்டு ஜோடி மேளம் கூரைக்குள் வேண்டாம். ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். லிமிட்டரின் மைக் எந்தச் சுவரில் இருக்கிறதென்று பார்த்து எதிர் மூலையில் உட்கார வையுங்கள். இடம் பார்க்கப் போகும்போதே தவில்காரரைக் கூட்டிப் போய் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர்வலத்துக்கு வெளியே வாசிக்கலாமா என்பது தனிக் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர் புகாரால்தான் பாதி லிமிட்டர்கள் வந்தன.

தவிலுக்குத் துணி போர்த்தலாம் என்று யோசனை சொன்னவரே, அதை வித்வானிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். நான் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

வாசலில் வாழைமரம்?

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஆணி அடிக்கக்கூடாது. மணல் வாளியில் நட்டு நிறுத்துங்கள்.

அட்சதை?

மஞ்சள் கல்தரையில் பிடித்தால் போகாது, டெபாசிட்தான் போகும். பல இடங்களில் உலர்ந்த பூவிதழ் மட்டும்தான்.

கூரையில் வௌவால் இருந்தால் விரட்டிவிடலாமா?

குற்றம். அங்கேயே இருக்கட்டும்.

ஹோமத்துக்கு...

மூன்றாவது தடவை. மேலே போங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

விலை சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு என்னிடமே பேரம் பேசுவீர்கள்.

முகூர்த்தம் காலை 6 முதல் 7:30. பார்ன்காரர் 10 மணிக்குத்தான் திறப்பாராம்.

முந்தின நாளும் சேர்த்து எடுங்கள், இல்லை ஜோசியரிடம் மதியத்துக்கு முன் வேறு முகூர்த்தம் கேளுங்கள். முந்தின நாள் எடுத்தால் ராத்திரி யாராவது உள்ளே தங்கலாமா, சாவி யார் கையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பார்ன்களில் விடிகாலைக் குளிர் எலும்பில் இறங்கும். மணப்பெண்ணுக்குப் பட்டுப்புடவைக்கு உள்ளே தெர்மல், மாப்பிள்ளை வேட்டிக்கு உள்ளேயும் அதே. ஐயருக்கு ஒரு ஹீட்டர். அது லிமிட்டர் இல்லாத பிளக்கில்.