கடலுக்குள் இறங்கும்போது கார்ச் சாவியை எங்கே வைப்பது?

கேள்வி: நண்பர்கள் நால்வர் மார்த்தாண்டத்திலிருந்து காரில் கோவளம் சென்று, படகில்லாமல் கரையிலிருந்தே இறங்கி ஸ்கூபா டைவிங் செய்கிறோம். நால்வரும் ஒன்றாக நீருக்குள் போய்விடுவதால் சாவி, செல்போன், பர்ஸ் ஆகியவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. நீர் புகாத பை வாங்கினால் போதுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: போதாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்காகி, பைக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அப்போது பையின் வாய் சற்று மடிந்தாலும் உப்புநீர் உள்ளே போய்விடும். நீர், தூசி புகாமைக்கான ஐபி68 தரம் பெற்ற போன்கள்கூட நன்னீரில், நிறுவனம் குறிப்பிடும் குறைந்த ஆழத்துக்குச் சோதிக்கப்பட்டவையே. டைவிங்குக்கென்றே செய்யப்பட்ட கெட்டியான பெட்டி நம்பத்தக்கது என்றாலும், அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தில் ஒரு மணற்துகளோ தலைமுடியோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் நீர் கசியும். ஆகவே கடற்கரையில் நின்று மூடாமல், வீட்டிலேயே வளையத்தைத் துடைத்து, சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மூடிக்கொண்டு வாருங்கள்.

இதைவிட முக்கியம், கொண்டுபோவதைக் குறைப்பது. சிலிண்டரை மாட்டிக்கொண்டு நால்வர் கடலுக்குள் நடந்துபோனால், அவர்கள் உடனே திரும்பமாட்டார்கள் என்பது கரையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தால் கேரளத்திலும் செல்லும் என்பதால் அசல்கள் வீட்டிலேயே இருக்கட்டும். வண்டி ஓட்டுபவரின் போனும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் வந்தால் போதும்.

தவிர்க்க முடியாதது சாவி ஒன்றுதான். டயருக்கு மேலோ பம்பருக்குப் பின்னாலோ ஒளித்துவைக்கும் பழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். திருடுபவர் முதலில் கைவிட்டுப் பார்ப்பது அங்கேதான். வண்டி களவுபோனால் காப்பீட்டு நிறுவனம் அசல் சாவிகள் அனைத்தையும் கேட்கும்; சாவியை வண்டியிலேயே விட்டிருந்தீர்கள் என்று தெரிந்தால் இழப்பீட்டுக்கே சிக்கல் வரும். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களுடைய ரிமோட்டின் பக்கவாட்டில் உள்ள சிறு கொக்கியைத் தள்ளினால், உள்ளிருந்து ஒரு வெற்று உலோகச் சாவி வெளியே வரும். அது கதவை மட்டும் திறக்கும். அதில் மின்னணுப் பாகம் எதுவும் இல்லாததால் நனைந்தாலும் கெடாது. அதைக் கயிற்றில் கோத்து, பி.சி.டி. எனப்படும், காற்றடைத்து மிதக்க உதவும் மேற்சட்டையின் ஜிப் உள்ள பைக்குள் வைத்து, கயிற்றின் மறுமுனையை உள்வளையத்தில் முடிந்துகொள்ளுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரிமோட்டை, உங்களுக்கு சிலிண்டர் தரும் டைவிங் நிலையத்தில் ஒப்படைக்கலாம். கரையில் நிற்கும் நண்பர் இருந்தால் அவரிடமே கொடுப்பது இன்னும் நல்லது.

அப்படி ஒருவர் கரையில் நிற்க வேண்டும் என்றே நான் வற்புறுத்துவேன். நால்வரும் ஒரே நேரத்தில் இறங்காமல், இருவர் இறங்கும்போது இருவர் நில்லுங்கள். அவர்கள் பைக்கு மட்டும் காவல் அல்லர். எத்தனை மணிக்குள் நீங்கள் மேலே வர வேண்டும் என்று தெரிந்தவர்கள். நேரம் கடந்தால் அவசர உதவி எண் 112-ஐயோ கடலோரக் காவல்படையின் 1554-ஐயோ அழைக்கப்போவதும் அவர்களே. கரையில் கிடக்கும் பர்ஸை நினைத்துக்கொண்டு சிலிண்டர் காற்றை வாய்வழி சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரையும் காற்றளவையும் அவசரமாகச் சரிபார்ப்பவரின் உயிர், அந்தப் பர்ஸைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறது.

கேள்வி: என் மனைவியும் டைவிங் பழகுகிறார். தாலிக்கொடியைக் கழற்ற அவருக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், களியக்காவிளை

பதில்: அவர் விருப்பத்தை மதித்தே செய்யலாம். கனத்த சங்கிலி பி.சி.டி. பட்டையில் சிக்கும், அலைக்குள் மாஸ்க்கைக் கழற்றும்போது முடியோடு சேர்ந்து இழுபட்டு அறுந்துபோகவும் கூடும். கொடியை வீட்டில் வைத்துவிட்டு, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து, உடலோடு ஒட்டிய டைவிங் உடையான வெட்சூட்டுக்குள் நெஞ்சோடு படியவிட்டு, ஜிப்பை மேல்வரை மூடிக்கொள்ளட்டும். மோதிரத்தைக் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். நீரில் குளிர்ந்த விரல் சற்றே சுருங்கும். சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் வழுக்கவும் செய்யும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னை இழுத்துக் கழற்றும்போது மோதிரம் போனது தெரியாது.

கேள்வி: கேரளக் கடற்கரையில் போன் திருடு போனால், ஊருக்கு வந்து நம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். அதை அவர்கள் உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவார்கள். ஆயினும் கடற்கரைக் கடைகளின் கேமராப் பதிவுகளை உடனே கேட்டுப் பார்க்க அங்குள்ள நிலையத்தால்தான் முடியும் என்பதால், திரும்புவதற்கு முன் அங்கேயே புகார் கொடுப்பது நல்லது. அதற்கும் முன்பாக, நண்பரின் போனிலிருந்து வங்கியை அழைத்து யு.பி.ஐ.யை நிறுத்துங்கள், சிம்மையும் முடக்குங்கள். புகார் நகலும் புது சிம்மும் கைக்கு வந்தபின் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். அந்த எண் போன் வந்த பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். *#06# என்று அழுத்தினாலும் திரையில் வரும். அதை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.