மகள் அரசியாக நடிக்க விரும்புகிறாள், பெரியப்பா பொறியியல் சீட்டு வாங்கச் சொல்கிறார்

திருச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகள் பிரிட்டிஷ் சரித்திரப் படங்களையும் தொடர்களையும் விடாமல் பார்க்கிறாளாம். அவற்றில் அரசிகளாகவும் சீமாட்டிகளாகவும் வரும் நடிகைகளைப் போல் ஆக வேண்டும் என்கிறாளாம். பெரியப்பாவோ நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். “கையில் ஒரு டிகிரி இருக்கட்டும், நடிப்பை அப்புறம் பார்க்கலாம்” என்பது அவர் வாதம். இரண்டுக்கும் நடுவே அந்தத் தாய்க்குத் தூக்கம் போய்விட்டது.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தச் சீட்டை வாங்காதீர்கள். கணக்கென்றாலே ஒதுங்கும் பெண்ணை நான்கு ஆண்டு அங்கே உட்கார வைப்பதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதை எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். படிப்பு முடியும்போது கடனும் அரியர் தாள்களும் உங்கள் வீட்டில்தான் இருக்கும், பெரியப்பா வீட்டில் இருக்காது.

உங்கள் மகள் பார்த்து மயங்கும் நடிகைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அவளிடம் சொல்லுங்கள். பிரிட்டிஷ் நடிகை ஜூடி டென்ச் 1957இல் ஓல்ட் விக் நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நாயகி ஒஃபீலியாவாக மேடையேறியவர். விக்டோரியா அரசியாகத் திரையில் வந்தது 1997இல். அந்த நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதி மேடைக்குத்தான் போனது. நம் நாட்டின் ரோகிணி ஹட்டங்காடியைப் பாருங்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். ‘காந்தி’ படத்தில் கஸ்தூர்பாவாக நடித்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருந்தது. இளம் மனைவியிலிருந்து சிறையில் உயிர்விடும் மூதாட்டி வரை அவரே நடித்தார். பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதும் பெற்றார். தலையில் நரையை ஒப்பனைக்காரர் பூசிவிடுவார். தளர்ந்த நடையும் தேய்ந்த குரலும் பயிற்சியில்தான் வரும். கனத்த உடையில் மணிக்கணக்காக நின்று, இறுக்கிக் கட்டிய கச்சுக்குள் மூச்சைப் பங்கிட்டு, இன்று யாரும் பேசாத நடையில் நீண்ட வசனம் பேச ஓர் உடம்பைத் தயார்செய்ய ஆண்டுகள் ஆகும்.

அந்தத் தேசிய நாடகப் பள்ளியைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். 1959இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் நிதியில் நடக்கும் நிறுவனம் அது. டெல்லி மண்டி ஹவுஸ் அருகே பகாவல்பூர் ஹவுஸில் இருக்கிறது. மூன்றாண்டு முழுநேரப் படிப்பு. தேர்வாகும் மாணவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறார்கள். முதலாண்டு எல்லோருக்கும் பொது: குரல், உடலியக்கம், யோகா, இந்திய, மேற்கத்திய நாடக இலக்கியம், மேடை ஒளி, உடை, ஒப்பனை. பிறகு நடிப்பு ஒரு பிரிவு. மேடை நுட்பம், வடிவமைப்பு, இயக்கம் இன்னொரு பிரிவு. சமஸ்கிருத நாடகம், கிரேக்கத் துன்பியல், ஷேக்ஸ்பியர் என்று வெவ்வேறு காலத்து மனிதர்களாக நடித்துப் பழக இப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது.

நுழைவது கடினம், மறைக்க மாட்டேன். இடங்கள் மிகக் குறைவு. பட்டம் வேண்டும், சில நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்ற அனுபவம் வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு வேண்டும். முதல்கட்டத் தேர்வில் நடித்துக் காட்ட வேண்டும். அதில் தேறியவர்களை டெல்லிக்கு அழைத்துப் பட்டறை நடத்தி வடிகட்டுவார்கள். ஆகவே இப்போது அவள் சேர வேண்டியது அரசு கலைக் கல்லூரியில் வரலாறு அல்லது இலக்கியம். கட்டணம் சொற்பம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். மூன்றாண்டும் ஒரு நாடகக் குழுவில் இருக்கட்டும், இந்தி கற்கட்டும். டெல்லி கிடைக்காவிட்டால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை முதுகலை இருக்கிறது. அதையும் இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் நடிகையாக்குவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையங்கள் பக்கம் போகவே வேண்டாம். நடிகர் தேர்வுக்குப் பதிவுக் கட்டணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்களும் பெரியப்பாவும் முடிவு செய்ய முடியாது. அவளை இழுப்பது நடிப்பா, அந்த உடைகளா? ஒரே காட்சியை ஐம்பது தடவை ஒத்திகை பார்க்கச் சொன்னால் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா என்று கவனியுங்கள். பாவாடையின் மடிப்பும் சரிகையும்தான் அவளைப் பிடித்திருக்கிறது என்றால் அவளுக்கு உரியது உடை வடிவமைப்பு. அதே ‘காந்தி’ படத்தின் உடைகளுக்காகப் பானு அத்தையா 1983இல் ஆஸ்கர் வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ஜூடி டென்ச்சும் முதலில் அரங்க வடிவமைப்புதான் பயின்றார். அவளிடம் தனியாகக் கேளுங்கள். சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது கேட்டால் உண்மை வராது.

திரை வாய்ப்பே வராமல் போனால் என்ன என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சரித்திரப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் வராமலும் போகலாம். நாடகத்தில் முதுகலை முடித்தவர் யூ.ஜி.சி. நெட் தேர்வை அந்தப் பாடத்திலேயே எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம், பள்ளிகளில் குழந்தைகளுக்கு நாடகம் கற்பிக்கலாம், குழுவோடு மேடையில் தொடரலாம். கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போது என்று இன்றே பாருங்கள். பெரியப்பா ஒப்புக்கொள்ளாவிட்டால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.