சுனாமியில் கடல் எப்படி வீட்டுக்குள் வந்தது? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

நான் பாண்டிருப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை பொறிமுறை அலைகள் தொடங்கினேன். அலை போகும்போது சக்திதான் இடம்மாறுகிறது, ஊடகம் (நீர், காற்று, கயிறு போல அலை கடந்துபோகும் பொருள்) இடம்மாறுவதில்லை என்று வழக்கம்போலச் சொல்லி, கயிற்றை ஆட்டியும் காட்டினேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப சுனாமியில கடல் எப்படி சேர் வீட்டுக்குள்ள வந்தது?" என்று கேட்டாள். 2004க்குப் பிறகு பிறந்தவள். அவளுடைய அம்மம்மாவின் வீடு கடற்கரையில் இருந்ததாம். சக ஆசிரியர் ஒருவர், "அது அலையே இல்லை, வெள்ளம் என்று சொல்லி முடித்துவிடும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சுனாமி குறுக்கலையா (துணிக்கைகள் அலை போகும் திசைக்குக் குறுக்காக அசைவது), நெட்டாங்கு அலையா (அதே திசையில் முன்னும் பின்னும் அசைவது) என்றும் அவளுக்குச் சொல்லவேண்டும்.

ஓர் ஆசிரியர், பாண்டிருப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெள்ளம் என்று சொல்லி வாயடைக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். சுனாமி அலைதான். வீட்டுக்குள் வந்தபோதும் அது அலையின் கணக்குப்படியே வந்தது. கோளாறு, நாம் வகுப்பில் ஒப்புவிக்கும் அந்த வசனத்தில் இருக்கிறது. ஊடகம் போகத்தான் செய்கிறது; போய்த் திரும்பி வருகிறது. எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை.

நீங்கள் வகுப்பில் சாதாரணமாகப் பேசும்போது, பிள்ளைகளின் காதருகே காற்றுத் துணிக்கைகள் முன்னும் பின்னும் அசைவது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் லட்சத்தில் ஒரு பங்கு. இதை "அசையவில்லை" என்று சொன்னால் யாரும் கோபிக்கப் போவதில்லை. ஆனால் அதே சலுகையைக் கடலுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

கடல் அலைக்கு ஒரு எளிய விகிதம் உண்டு. அலைநீளத்தோடு (அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரத்தோடு) ஒப்பிட ஆழம் மிகக் குறைவாக இருந்தால், நீர் ஓடும் வேகத்தை அலை ஓடும் வேகத்தால் வகுத்து வருவதும், அலையின் உயரத்தைக் கடலின் ஆழத்தால் வகுத்து வருவதும் ஒன்றே. அலையின் வேகமோ ஆழத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைத்துவிடும். சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் என்பதால், வங்காள விரிகுடாவின் ஆழம்கூட அதற்கு ஆழமில்லை.

இப்போது 2004 டிசம்பர் 26ஐ எடுங்கள். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது அன்றைய நமது நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஜேசன்-1 என்ற செய்மதி விரிகுடாவைக் கடந்தபோது, நடுக்கடலில் அலை சுமார் 60 சென்ரிமீற்றர்தான் உயர்ந்திருந்தது. ஆழத்தை 4000 மீற்றர் என்று வைத்தால் அலையின் வேகம் செக்கனுக்கு 200 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். நீரின் வேகம்? செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர். ஆவர்த்தன காலத்தை, அதாவது ஒரு முழு அலைவுக்கு எடுக்கும் நேரத்தை, அரை மணி நேரம் என்று எடுத்தால், நீர் ஒரு பக்கமாக ஏறத்தாழப் பதினேழு மீற்றர் போய், அதே அளவு திரும்பி வரும். அதற்கு மேல் நின்ற வள்ளத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வசனம் அங்கே கிட்டத்தட்ட உண்மை.

கரைக்கு வர வர ஆழம் குறைகிறது, அலையின் முன்பக்கம் மெதுவாகிறது. பின்பக்கம் இன்னும் ஆழத்தில் நிற்பதால் வேகமாக வந்து நெருக்குகிறது. 10 மீற்றர் ஆழத்தில் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றராக விழுந்துவிடும். நீளம் சுருங்கினால் அதே சக்தி உயரமாக ஏறவேண்டியதுதான். ஆழம் 5 மீற்றர், அலையின் உயரம் 2 மீற்றர் என்று வைத்து விகிதத்தைப் போடுங்கள்: அலை செக்கனுக்கு 7 மீற்றர், நீர் கிட்டத்தட்ட 3 மீற்றர். கால் மணி நேரம் ஒரே பக்கமாக ஓடினால் ஒன்றரைக் கிலோமீற்றர் வருகிறது. கரையின் சரிவு, மரம், மதில் எல்லாம் தடுக்கும் என்பதால் இது கரடுமுரடான கணக்குத்தான். ஆனால் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. மட்டக்களப்பின் நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் இடையே இருப்பது ஒடுங்கிய மணல் திடல். அங்கே நீருக்குத் திரும்பும் நேரம் வருமுன்பே நிலம் முடிந்துவிட்டது.

பக்கத்துக் கல்லடிக் கடற்கரையில் தினமும் நம் கால்களை நனைக்கும் அலையும் இதே வேலையைத்தான் செய்ய வருகிறது. ஆனால் அதன் ஆவர்த்தன காலம் பத்துச் செக்கன் அளவில். ஐந்து செக்கன் ஏறும், பிறகு இறங்கவேண்டும். அதற்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். காற்று எழுப்பும் அலைக்கு இன்னொரு குறையும் உண்டு: அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அதன் அசைவு கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். 100 மீற்றர் நீள அலை 50 மீற்றருக்குக் கீழே ஒன்றையும் அசைக்காது. சுனாமி அடிக்கடல் வரை முழு நீரையும் அசைத்துக்கொண்டு வருகிறது. "பெரிய அலை" என்று படம் கீறிக் காட்டும்போது இது தவறிப்போகிறது. உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நீளத்தை மறந்துவிடுகிறோம். புயலில் அதைவிட உயரமான அலைகள் எழும்புவதுண்டு, அவை மருதமுனை வரை நடந்து வருவதில்லை.

குறுக்கலையா நெட்டாங்கா என்பதற்குச் சுருக்கமாக: இரண்டும் இல்லை. கடலின் மேற்பரப்பில் துணிக்கை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ சுற்றுகிறது. சுனாமியில் அந்த நீள்வட்டம் தட்டையாகி, அசைவு பெரும்பாலும் கிடையாகவே இருக்கும். கயிற்றை ஆட்டிக் காட்டியதும் இங்கே கொஞ்சம் குழப்பியிருக்கும், கயிறு குறுக்கலைக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும்.

அப்புறம், அந்த வசனத்தை அழிக்கவேண்டாம். "வீச்சம் சிறிதாக இருக்கும்போது, ஒரு முழு அலைவுக்குப் பிறகு" என்று முன்னால் சேர்த்து எழுதுங்கள். பரீட்சையில் பல்தேர்வு வினாவாக வந்தால் பழைய விடையையே குறிக்கச் சொல்லுங்கள், புள்ளி போடுபவரோடு வாதாட முடியாது. பிள்ளைக்கு இன்னும் ஆசை இருந்தால் ஒரு கணக்குக் கொடுங்கள்: ஆழம் பதினாறு மடங்கு குறையும்போது சுனாமியின் உயரம் இரண்டு மடங்குதான் கூடும், ஆனால் நீரின் வேகம் எத்தனை மடங்கு கூடும்? விடை எட்டு. வழியை அவளே கண்டுபிடிக்கட்டும்.